சுறா தின்றதா, விதி தின்றதா?

ஞாயிற்றுக்கிழமை தோறும் தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, பல்லாவரம் ஆகிய இடங்களிலிருந்து வாலிபர்கள் கூட்டங் கூட்டமாகக் கடற்கரைக்குப் போகிறார்கள். வேளச்சேரி வழியாகப் பெசன்ட் நகருக்கும் திருவான்மியூருக்கும் போகிறவர்கள் சிலர். வண்டலூர் கேளம்பாக்கம் சாலையைப் பிடித்துக் கோவளத்திற்குப் போகிறவர்கள் சிலர். திங்கட்கிழமைப் பத்திரிகையின் மூலையில் நாலு வரிச் சேதி ஒன்று வருகிறது. ஐந்து பேர் குளிக்கப் போனார்கள், மூன்று பேர் திரும்பினார்கள், இருவரை அலை இழுத்துச் சென்று விட்டது என்பதே அந்தச் சேதி. பெயரும் வயதும் மாத்திரம் மாறுகின்றனவே யொழிய, சேதி வருஷக்கணக்காக ஒன்றாகவே இருக்கின்றது.

இது நடந்த தெருவிலே பிறகு நடக்கும் பேச்சைக் கேட்டால்தான் நம் ஜனங்களின் நிலைமை விளங்கும். ஒருவர், “சுறா இழுத்திருக்கும்” என்கிறார். மற்றொருவர், “அமாவாசையன்று போனால் கடல் பலி வாங்காமல் விடுமா?” என்கிறார். மூன்றாவது பெரியவர் ஒருவர் நெற்றியைத் தொட்டுக் காட்டி, “அவ்வளவுதான் எழுதி வைத்தது” என்று முடித்து விடுகிறார். எல்லோரும் பெருமூச்சு விட்டு வீட்டுக்குப் போய் விடுகிறார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேறொரு தெருப் பையன்கள் புறப்படுகிறார்கள்.

இவற்றுள் எது உண்மை என்று நாம் சற்று விசாரிக்க வேண்டியிருக்கின்றது. பிள்ளையைக் கொன்றவன் யார் என்று தெரியாமல் மற்றப் பிள்ளைகளை எப்படிக் காப்பாற்றுவது?

முதலில் சுறாவின் வழக்கை எடுத்துக் கொள்வோம். வங்கக் கடலில் சுறா இல்லை என்று நாம் சொல்ல வரவில்லை. தாராளமாக இருக்கின்றது. ஆனால் அது நம்மைத் தின்பதை விட நாம் அதைத் தின்பதே அதிகம். சுறாப்புட்டு வைக்காத மீன் தின்னும் வீடு நம் பக்கத்தில் உண்டா? பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்கும் என்று பால் சுறாவைத் தேடி வாங்குகிறோமே, அந்தச் சுறாவுக்கு வாயிருந்தால் மனிதனைப் பற்றி என்ன சொல்லும்? உலக முழுவதிலும் மனிதன் ஒரு வருஷத்தில் கொல்லும் சுறா ஏறக்குறைய 10 கோடி என்று விஞ்ஞானிகள் 2013ஆம் வருஷத்தில் மதிப்பிட்டு வெளியிட்டார்கள். சூப் வைப்பதற்காகத் துடுப்பை மட்டும் அறுத்துக் கொண்டு உடலைக் கடலில் எறிந்து விடும் கொடுமை மிகுந்து போனதால், இந்திய சர்க்கார் 2015ஆம் வருஷத்தில் சுறாத் துடுப்பு ஏற்றுமதியையே தடுக்க வேண்டியதாயிற்று.

எதிர்க்கணக்கைப் பாருங்கள். 2024ஆம் வருஷத்தில், மனிதர்கள் சீண்டாமல் சுறா தானாக வந்து கடித்ததாக உலக முழுவதிலும் பதிவானவை 47. அவற்றில் உயிர் போனது நால்வருக்கு. அவ்வருஷம் பிப்ரவரி மாதத்தில் மகாராட்டிரத்தில், கடலை யடுத்த வைதர்ணா ஆற்றில் ஒருவர் காலைச் சுறா கடித்ததும் உண்மைதான். அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் அது இந்தியா முழுவதும் பெரிய அதிசயமாகப் பேசப்பட்டது என்பதிலிருந்தே, அது எவ்வளவு அபூர்வம் என்பது விளங்கவில்லையா? இந்தியாவில் 2022ஆம் வருஷம் ஒன்றில் மாத்திரம் நீரில் மூழ்கி இறந்ததாக சர்க்கார் குற்றப் பதிவுக் கணக்கில் ஏறியவர்கள் 38 ஆயிரத்துக்கு மேல். கடல், ஆறு, ஏரி, கிணறு எல்லாம் அதில் அடக்கம். நூறு பேருக்கு மேல் ஒவ்வொரு நாளும். இதைப் பற்றி எந்த ஊரில் யார் அதிசயப்பட்டார்கள்?

1975ஆம் வருஷத்தில் அமெரிக்காவில் மனிதர்களை விழுங்கும் ஒரு பெருஞ் சுறாவைப் பற்றி ஒரு சினிமா எடுத்தார்கள். அதைப் பார்த்தவர்கள் கடலில் கால் வைக்கவே நடுங்கினார்கள். அதற்கு மூலமான நாவலை எழுதிய பீட்டர் பெஞ்ச்லி என்பவர், தம் கதையால் சுறாவுக்கு விளைந்த கேட்டைக் கண்டு வருந்தி, பிற்காலத்தில் சுறாக்களைக் காப்பாற்றவே பாடுபட்டார். கதை எழுதினவர் அதைக் கதை என்று ஒப்புக் கொண்டார். புராணம் எழுதினவர்களில் ஒருவராவது அப்படிச் செய்ததுண்டா என்று இந்த இடத்தில் கேட்கத் தோன்றுகிறது. அது போகட்டும்.

சுறாப் பயத்தை வைத்துப் பிழைத்தவர்கள் நம் நாட்டில் உண்டு. இந்தச் சரித்திரம் வாசகர்கள் அவசியம் அறிய வேண்டியது. மன்னார் வளைகுடாவில் முத்துக் குளிப்பு நடந்த காலத்தில் “கடல் கட்டி” என்று ஒரு உத்தியோகம் இருந்தது. கடலையே கட்டி விடுகிறவன் என்பது பொருள். மூழ்குகிறவர்களைச் சுறா கடிக்காதபடி அதன் வாயை மந்திரத்தால் கட்டுவது அவன் வேலை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இப்பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை விவரமாக எழுதி வைத்திருக்கிறார். மீனுக்கு மந்திரம் போடுகிறவர்களை அவர் குறிக்கும் சொல் பிராமணர் என்பதன் திரிபேயாகும். எடுக்கும் முத்தில் இருபதில் ஒரு பங்கு அவர்களுக்குக் கூலியாம். கடலுக்குள் மூச்சடக்கி இறங்கிக் காது வலிக்கச் சிப்பி பொறுக்குகிறவன் ஒருவன். கரையில் நின்று வாயை அசைத்துப் பங்கு வாங்குகிறவன் இன்னொருவன்!

இதிலே இன்னொரு வேடிக்கை இருக்கின்றது. மந்திரம் பகலுக்கு மட்டுமே செல்லுமாம். மாலையானதும் கட்டை அவிழ்த்து விடுவார்களாம், இரவெல்லாம் சுறா தன் இஷ்டம்போல் திரியுமாம். ஏன் இப்படி? இரவில் யாரும் திருட்டுத்தனமாய் இறங்கிச் சிப்பி எடுத்து விடக்கூடாது என்பதற்கன்றி வேறு எதற்கு? காவல்காரனுக்குச் சம்பளம் கொடுக்காமலே காவல் போடும் இந்தத் தந்திரத்தை நாம் மெச்சத்தான் வேண்டும்.

பின்னர் போர்த்துக்கீசியர் வந்தனர். முத்துக் குளிக்கும் ஜனங்கள் கிறிஸ்தவர்களானார்கள். 19ஆம் நூற்றாண்டில் இலங்கைப் பக்கத்து முத்துக் குளிப்பைப் பற்றி எழுதிய ஆங்கில உத்தியோகஸ்தர்கள், அப்போதிருந்த கடல் கட்டி ஒரு கத்தோலிக்கர் என்று எழுதுகிறார்கள். மதம் மாறிற்று, சாமி மாறிற்று, வருமானம் மாத்திரம் மாறவில்லை. இதைப் புரட்டு என்று நன்றாய் அறிந்த வெள்ளைக்காரச் சர்க்காரும், கடல் கட்டி இல்லாவிட்டால் ஆட்கள் மூழ்க மாட்டார்கள், வருமானம் போய் விடும் என்று அவனை அங்கீகரித்தே வைத்திருந்தது. ஜனங்களின் மூடநம்பிக்கை சர்க்காருக்கு லாபமாக இருந்தால், அது எந்தச் சர்க்காராயினும் அதைத் தொடாது என்பதற்கு இதைவிட நல்ல அத்தாட்சி வேண்டுமா? அத்தனை கால முத்துக் குளிப்பில் சுறாவால் நேர்ந்த விபத்து மிக மிக அபூர்வம் என்பதும் அதே உத்தியோகஸ்தர்கள் எழுதி வைத்த விஷயம். நூற்றுக்கணக்கான படகுகளிலிருந்து ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே இடத்தில் குதித்துக் கூச்சலும் இரைச்சலுமாய் நீரைக் கலக்கினால், சுறாவுக்கு அங்கே என்ன வேலை? அது ஓடியதற்குக் காரணம் மந்திரமாயிற்று. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதான்.

நிற்க. சுறா இல்லை என்றால் பையனை இழுத்தது யார்?

இழுத்தது தண்ணீரேயாகும். இதில் மாயமும் இல்லை, மர்மமும் இல்லை. அலை கரைக்கு வருகிறது. வந்த தண்ணீர் எங்கே போகும்? திரும்பிக் கடலுக்குத்தான் போக வேண்டும். கரைக்குச் சற்று அப்பால் நீருக்கடியில் மணல் திட்டுகள் மேடாய்ப் படிந்திருக்கின்றன. அலைகள் அவற்றின் மேல் உடைந்து தண்ணீரைக் கரைப்பக்கம் தள்ளுகின்றன. தள்ளப்பட்ட தண்ணீர் திட்டுகளுக்கு நடுவே எங்கே பள்ளமான இடைவெளி இருக்கின்றதோ, அதன் வழியாக ஒன்று கூடி வாய்க்கால்போல் பாய்ந்து வெளியேறுகின்றது. ஏரி மதகைத் திறந்தால் தண்ணீர் எப்படிப் பாய்கிறது என்பதைப் பார்த்த கிராமவாசிக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கடலுக்குள் இருக்கும் மதகு என்று வைத்துக் கொள்ளுங்கள். இந்த ஓட்டம் மிகக் கடுமையாகும் சமயத்தில் ஒரு விநாடிக்கு 8 அடி வரை போகக் கூடும் என்று அளந்திருக்கிறார்கள். உலகப் பந்தயத்தில் முதற்பரிசு வாங்குகிற நீச்சல்காரனும் அதை எதிர்த்துக் கரைக்கு வர முடியாது. அப்படியானால், ஏரியில் நாலு நாள் நீந்திப் பழகிய தாம்பரத்துப் பையன் என்ன செய்வான்?

அவ்விடம் பார்வைக்கு எப்படி இருக்கும் என்பதுதான் பெரிய மோசம். இரண்டு பக்கமும் அலை வெள்ளையாய் உடைந்து கொண்டிருக்கும். நடுவே ஒரு இடத்தில் மாத்திரம் அலை உடையாமல் அமைதியாய் இருக்கும். தண்ணீர் சற்றுக் கலங்கலாகவோ கருமையாகவோ தோன்றும். நுரையும் குப்பையும் கரைக்கு வராமல் கடலை நோக்கிப் போகும். விவரம் தெரியாதவர்கள், குழந்தை குட்டிகளுடன் வந்தவர்கள், “இங்கேதான் அலை இல்லை, இங்கே இறங்குவோம்” என்று அந்த இடத்தையே தேர்ந்தெடுக்கிறார்கள்! எமன் வாசலுக்குத்தான் மெத்தை விரித்திருக்கின்றது. முகத்துவாரங்களின் அருகிலும், கடலரிப்புக்காகக் கல் கொட்டிய இடங்களின் ஓரத்திலும் இப்படிப்பட்ட இழுப்பு சகஜம். அடையாறு கடலில் விழும் இடமும், முட்டுக்காட்டுக் கழி கோவளத்தருகே கடலில் கூடும் இடமும் குளிப்பதற்கான இடங்களல்ல.

இதில் அகப்பட்டவர்கள் சாவது பெரும்பாலும் இழுப்பினாலல்ல, இழுப்பை எதிர்த்துப் போராடிக் களைத்துப் போவதினாலேயே யாகும். இந்த ஓட்டம் ஆளைக் கடலுக்கு அடியில் அமுக்குவதில்லை. அப்பால்தான் கொண்டு போகும். அலை உடையும் இடத்தைத் தாண்டியதும் அதன் வேகம் அடங்கி விடும். ஆகவே, அகப்பட்டவன் கரையைப் பார்த்து நீந்தக்கூடாது. மல்லாந்து மிதந்து மூச்சை விட்டு வாங்க வேண்டும். முடியுமானால் கரைக்கு இணையாக, வடக்கிலோ தெற்கிலோ பக்கவாட்டில் நீந்தி அந்த வாய்க்காலை விட்டு வெளியே வந்து, அலை உடையும் இடத்தில் அந்த அலையுடனேயே கரைக்கு வர வேண்டும். அதுவும் முடியாவிட்டால் மிதந்தபடியே ஒரு கையை உயர்த்தி ஆளைக் கூப்பிட வேண்டும். இவ்வளவுதான் வித்தை. இதைச் சொல்லிக் கொடுக்கக் கால்மணி நேரம் போதும். பத்து வருஷம் பள்ளிக்கூடத்தில் படித்த பையன் ஒருவனுக்காவது இது சொல்லப்பட்டிருக்கிறதா?

இது தெரிந்தவர்கள் நம்மிடையே இல்லாமலில்லை. ஊரூர் குப்பத்திலும், நீலாங்கரையிலும், கோவளத்திலும் உள்ள மீனவத் தோழர்களுக்கு இது தாய்ப்பாலோடு வந்த அறிவு. தெற்கிலிருந்து வடக்கே ஓடும் நீரைத் “தெண்டி” என்பார்கள். வடக்கிலிருந்து தெற்கே ஓடுவதை “வன்னி” என்பார்கள். காற்று மாறியதும் தண்ணீர் எப்படி மாறும் என்பதைக் கரையில் நின்றபடியே சொல்லி விடுவார்கள். இந்த அறிவுக்கு நாம் கொடுத்திருக்கும் மரியாதை என்ன? மீன் நாற்றமடிக்கிறது என்று பேருந்தில் தள்ளி உட்காருகிறோம். பஞ்சாங்கத்தில் ராகு காலம் பார்த்துச் சொல்லுகிறவருக்குத் தட்சணை கொடுக்கிறோம்.

மற்றொரு சங்கதி. தாம்பரத்திலிருந்து வேளச்சேரிக்குப் போகும் சாலையில் பள்ளிக்கரணையில் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம் என்று ஒன்று இருக்கின்றது. 1993ஆம் வருஷம் ஏற்பட்டது. பெரிய பெரிய விஞ்ஞானிகள் அங்கே கடலை அளக்கிறார்கள். கடற்கரை போகிற பையன்களின் பேருந்து அந்த வாசலைத் தாண்டியேதான் போகிறது. வாசலுக்கு உள்ளே இருக்கும் அறிவு பேருந்துக்குள் இருக்கும் பையனுக்கு எட்டவில்லை என்றால், அந்த அறிவு யாருக்காக?

படித்தவர்கள் இவ்விஷயத்தில் பாமரர்களை விட மேல் என்று யாரும் எண்ண வேண்டாம். 2024ஆம் வருஷம் மே மாதம் 6ந் தேதி கன்னியாகுமரி ஜில்லாவில், லெமூர் கடற்கரையில் வைத்தியக் கல்லூரி மாணவர்கள் ஐவர் அலையில் போனார்கள். காற்றே இல்லாத நாளிலும் தொலைதூரத்துப் புயலால் கிளம்பி வந்து திடீரென்று கரையேறும் அலையை மலையாளக் கரை மீனவர்கள் “கள்ளக்கடல்” என்கிறார்கள். அது வருகிறது என்று ஐதராபாத்திலுள்ள கடல் தகவல் நிலையம் முன்னதாகவே எச்சரிக்கை விட்டிருந்தது. நாளைக்கு வைத்தியர்களாகி எத்தனையோ உயிர்களைக் காப்பாற்ற வேண்டியவர்கள், தங்கள் உயிரைக் காக்கும் ஒரு சிறு விஷயம் சொல்லிக் கொடுக்கப்படாமல் மாண்டார்கள்.

இனி, “கடல் பலி கேட்கிறது”, “விதி” என்கிற பேச்சுக்கு வருவோம். பக்தி காப்பாற்றும் என்றால் 2023ஆம் வருஷம் ஏப்ரல் 5ந் தேதி மூவரசம்பட்டுக் குளத்தில் நடந்ததற்கு என்ன சமாதானம்? அன்று பங்குனி உத்திரம். நங்கநல்லூர் தர்மலிங்கேஸ்வரர் கோவில் தீர்த்தவாரி. சாமிக்கு நீராட்டக் குளத்தில் இறங்கியவர்களில் ஒருவர் ஆழத்தில் சறுக்க, காப்பாற்றப் போனவர்களும் சேர்ந்து ஐந்து இளைஞர்கள் மாண்டார்கள். அர்ச்சகர் வேலையிலும் கைங்கரியத்திலும் இருந்த பிள்ளைகள் அவர்கள். இதைச் சொல்லி யாரையும் பரிகசிப்பது நம் எண்ணமல்ல. பரிகசிக்கிறவன் மனிதனல்ல. அவர்களைப் பெற்ற ஐந்து தாய்மார்களின் வயிறும் மற்றத் தாய்மார்களின் வயிறு போலத்தான் எரிந்திருக்கும். நாம் கேட்பதெல்லாம், குளத்தின் ஆழத்தை அளந்து, கயிறு கட்டி, நீச்சல் தெரிந்த இருவரை நிறுத்தி வைத்திருந்தால் அந்த ஐந்து பேரும் இன்று உயிரோடு இருந்திருக்க மாட்டார்களா என்பதே. இருந்திருப்பார்கள் என்றால், அங்கே விதி எங்கே வந்தது? ஒரு கயிற்றுக்குப் பயந்து ஓடுகிற விதியும் ஒரு விதியா?

அந்தக் குளத்தில் நடந்தது இன்னொன்றையும் காட்டுகிறது. ஒருவன் மூழ்கும்போது, நீச்சல் தெரியாதவனும், ஏன், நன்றாய்த் தெரிந்தவனும்கூட, ஆத்திரத்தில் குதித்து விடுவது வீரமாகலாம், வழியாகாது. பெசன்ட் நகர்க் கடற்கரையில் ஒரு வெள்ளை மண்டபம் நிற்கிறதல்லவா? அது டென்மார்க் தேசத்து ஷ்மிட் என்பவரின் ஞாபகார்த்தமாகக் கட்டியது. 1930ஆம் வருஷம் டிசம்பர் 30ந் தேதி, கடலில் தத்தளித்தவர்களுக்கு உதவப் போய் அவர் அங்கே மூழ்கிப் போனார். அதன் நிழலில் உட்கார்ந்து சுண்டல் தின்றவர்களில் எத்தனை பேர் அது ஏன் அங்கே நிற்கிறது என்று கேட்டிருப்பார்கள்? ஊர் உலகத்திலேயே இவ்வளவு பெரிய எச்சரிக்கைப் பலகை வேறு கிடையாது. ஆனால் அதன் எதிரிலேயே வருஷா வருஷம் பிள்ளைகள் போய்க் கொண்டிருக்கிறார்கள்.

குதிக்காமல் எப்படிக் காப்பாற்றுவது? இதற்குப் பெரம்பலூர் ஜில்லா ஆதனூர்ப் பெண்கள் மூவர் வழிகாட்டியிருக்கிறார்கள். 2020ஆம் வருஷம் ஆகஸ்டு மாதத்தில் கொட்டரை நீர்த்தேக்கத்தில் நான்கு இளைஞர்கள் மூழ்கினார்கள். துணி துவைக்கப் போயிருந்த இப்பெண்கள், ஒரு நொடியும் யோசியாமல், தாங்கள் உடுத்தியிருந்த சேலைகளை அவிழ்த்து முடிந்து எறிந்து இருவரை இழுத்துக் கரை சேர்த்தார்கள். பெண்ணின் மானம் சேலையில் இருக்கின்றது என்று காலங்காலமாய்ச் சொல்லி வந்த நாட்டில், மானம் எதில் இருக்கின்றது என்பதை அந்த மூவரும் காட்டினார்கள். சர்க்கார் அவர்களுக்குக் கல்பனா சாவ்லா விருது கொடுத்தது. விருது கொடுத்தது சரி. அவர்கள் செய்ததை ஒவ்வொரு பள்ளிக்கூடத்திலும் பாடமாக்கியிருந்தால் அது அதனினும் சரி. சேலை, வேட்டி, நீண்ட கழி, மூடி போட்ட காலிப் பிளாஸ்டிக் குடம், எதுவானாலும் எறியலாம். பிடித்துக் கொள்ள ஒன்று கிடைத்தால் மனிதன் மிதப்பான்.

கரை சேர்த்த பின்னும் நாம் செய்கிற அக்கிரமம் ஒன்றுண்டு. தூக்கித் தலைகீழாய்ச் சுற்றுவதும், வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதுமாய் நேரத்தைப் போக்குகிறோம். மூச்சில்லாதவனுக்கு வேண்டியது மூச்சு. வாயோடு வாய் வைத்து ஊதுவதும், நடு மார்பை விடாமல் அழுத்துவதும், 108க்குச் சொல்வதுமே செய்யத் தக்கவை. அவன் என்ன சாதி, வாயில் வாய் வைக்கலாமா என்று அந்நேரத்தில் யோசிக்கிறவனை என்ன சொல்வது?

சாதி என்றதும் முக்கியமான விஷயத்திற்கு வந்து விட்டோம். நம் ஜனங்களுக்கு ஏன் நீந்தத் தெரியவில்லை? தண்ணீருக்குப் பஞ்சமா? இருபது முப்பது வருஷங்களுக்கு முன் வரை தாம்பரத்தைச் சுற்றி எந்தப் பக்கம் திரும்பினாலும் ஏரி. சேலையூர் ஏரி, சிட்லபாக்கம் ஏரி, பீர்க்கன்கரணை ஏரி. ஆனால் ஊர்ப் பொதுக்குளத்தில் கால் வைக்கவே ஒரு பகுதியாருக்கு உரிமையில்லை என்று வைத்திருந்த நாடல்லவா இது? 1927ஆம் வருஷம் மார்ச்சு 20ந் தேதி மகாத் ஊர்க்குளத்தில் டாக்டர் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு சென்று தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. குடிக்கவே போராட வேண்டியவன் அதில் குதித்து நீச்சல் எப்படிப் பழகுவான்? பழக்கம் தகப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருவது. தகப்பனைக் கரையிலேயே நிறுத்தி வைத்தால் பிள்ளையும் கரையிலேயே நிற்கும்.

இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய அநாகரிகம் அல்ல. 1919ஆம் வருஷம் ஜூலை 27ந் தேதி, அமெரிக்காவில் சிக்காகோ நகரத்து ஏரியில் யூஜின் வில்லியம்ஸ் என்ற 17 வயது நீக்ரோப் பையன் மிதந்து கொண்டிருந்தான். கறுப்பருக்கு ஒரு பக்கம், வெள்ளையருக்கு ஒரு பக்கம் என்று தண்ணீரிலேயே கண்ணுக்குத் தெரியாத கோடு போட்டிருந்தார்கள். அவன் அதைத் தாண்டி விட்டான் என்று ஒரு வெள்ளையன் கல்லெறிந்தான். பையன் மூழ்கி மாண்டான். அதைத் தொடர்ந்த கலகத்தில் 38 பேர் செத்தார்கள். நீச்சல் குளங்களில் கறுப்பரை விடாமல் வைத்திருந்த பலன், நூறு வருஷம் கழிந்தும் அந்நாட்டுக் கறுப்புக் குழந்தைகள் வெள்ளைக் குழந்தைகளை விடப் பல மடங்கு நீச்சல் குளங்களில் மூழ்கிச் சாகிறார்கள். தண்ணீரில் போட்ட கோடு அழியும் என்பார்கள். சாதிக்காரனும் நிறக்காரனும் போட்ட கோடு அழிவதில்லை போலும்.

பெண்களின் நிலைமையைத் தனியாய்ச் சொல்ல வேண்டுமா? பையன் ஏரியில் குதித்தால் அடித்து விட்டுச் சும்மா விடுவார்கள். பெண் குதித்தால் குடும்ப மானம் போய் விடும். கடற்கரையில் முழங்கால் அளவு நீரில் நிற்கும் பெண்ணை ஒரு பெரிய அலை புரட்டினால், ஆறு கஜம் சேலை நனைந்து காலைச் சுற்றிக் கொள்ள, அவள் அந்த முழங்கால் நீரிலேயே எழ முடியாமல் போகிறாள்.

இதற்கு சர்க்கார் செய்வது என்ன? “குளிக்கத் தடை” என்று பலகை வைக்கிறது. காணும் பொங்கலன்று கடற்கரை நெடுகக் கட்டை கட்டிப் போலீசை நிறுத்துகிறது. நல்லதுதான்; அன்று சாவு குறைகிறது. மற்ற முந்நூற்றுச் சொச்சம் நாளைக்கு யார் காவல்? கோவளம் கடற்கரைக்கு 2021ஆம் வருஷத்தில் உலகத் தரம் என்று நீலக்கொடி கிடைத்தது. அதன் விதிப்படி அங்கே உயிர் காப்பவர்கள் நிற்கிறார்கள், குளிக்கும் இடம் குறித்திருக்கிறார்கள். அதே கடல்தானே பாலவாக்கத்திலும் நீலாங்கரையிலும் உத்தண்டியிலும் அடிக்கிறது? கொடி பறக்கிற இடத்து உயிருக்கு ஒரு விலை, கொடி இல்லாத இடத்து உயிருக்கு ஒரு விலையா? கோவளத்தில் மீனவ வாலிபர்கள் பலகை மேல் நின்று அலையில் சறுக்குகிறார்கள். அதைப் பார்க்கச் சீமையிலிருந்து வருகிறார்கள். அவர்களையும் அவர்கள் போன்ற மற்றக் குப்பத்து வாலிபர்களையும் மாதச் சம்பளத்தில், நாள் கூலியிலல்ல, கரை நெடுக உயிர் காப்பவர்களாக நியமித்தால், அவர்களுக்கும் பிழைப்பாயிற்று, கடலறிவுக்கும் மரியாதையாயிற்று.

அதைவிட முக்கியம் பள்ளிக்கூடம். நம்மைவிட ஏழ்மையான வங்காள தேசத்தில், கிராமத்துக் குளத்தில் மூங்கில் தட்டி கட்டிக் குழந்தைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுத்தார்கள். கற்ற குழந்தைகளிடையே மூழ்கிச் சாவது பெருமளவு குறைந்ததைக் கணக்கெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். பளிங்குக் குளம் வேண்டியதில்லை, மூங்கில் தட்டி போதும் என்பதைக் கவனிக்க வேண்டுகிறோம். இங்கே வேளச்சேரியில் 1995ஆம் வருஷம் தெற்காசிய விளையாட்டுப் போட்டிக்காக ஒரு பெரிய நீச்சல் வளாகம் கட்டினார்கள். பதக்கம் வாங்குகிறவர்கள் பழகட்டும், சந்தோஷம். மேடவாக்கத்திலும் முடிச்சூரிலும் சர்க்கார் பள்ளியில் படிக்கும் கூலிக்காரன் மகளுக்கு அதில் ஒரு வாரம் இடமுண்டா?

தாம்பரம் 2021ஆம் வருஷத்தில் மாநகராட்சியாயிற்று. 70 வட்டங்கள், 70 அங்கத்தினர்கள். ஓட்டுக் கேட்க வரும்போது சாலையையும் சாக்கடையையும் பற்றிக் கேட்கிறீர்கள். கேட்க வேண்டியதுதான். அத்துடன், “எங்கள் வட்டத்துப் பள்ளியில் ஐந்தாம் வகுப்பு முடிக்கும் ஆணும் பெண்ணும் தண்ணீரில் மிதக்கக் கற்றிருப்பார்களா, அதற்கு உங்களுடைய வரவு செலவுத் திட்டத்தில் எத்தனை ரூபாய் எழுதியிருக்கிறது?” என்றும் கேளுங்கள். “இதெல்லாம் நம் கையிலா இருக்கிறது, எல்லாம் மேலே இருப்பவன் செயல்” என்று அங்கத்தினர் சொல்வாரானால், அவர் சொன்ன பதிலை வட்டத்தின் பெயரோடு நமக்கு எழுதி அனுப்புங்கள். பிரசுரிக்கிறோம்.